ஒரு விரலை அசையுங்கள்

முதலில் சட்டதிட்டம், தணிகைவேல்.
பதினோரு வருஷமாகச் சொல்லி
நாக்கில் தழும்பேறிய வாக்கியங்கள்.
நீங்கள் இன்றுதான் கேட்கிறீர்கள், அதனால்
மெதுவாகச் சொல்கிறேன்.

ஐம்பது நிமிடம். அறுபது அல்ல.
மிச்சப் பத்து எனக்கு,
நீங்கள் சொன்னதை நோட்டில் கையால் எழுத,
தண்ணீர் குடிக்க,
ஜன்னலைத் திறந்து மடிப்பாக்கத்துக் கொசுக்களை
உள்ளே விட.

லைன் அறுந்தால் நான்தான் கூப்பிடுவேன்.
ஒருமுறை இரண்டு பேரும் கூப்பிட்டு
இரண்டு பேருக்கும் பிஸி என்று வந்து
ஒரு மனிதர் அடுத்த வாரம் வரவே இல்லை.

மாத்திரை எழுத எனக்கு உரிமையில்லை.
உங்கள் மனைவிக்குப் போன் போட்டு
எடுத்துச் சொல்ல மாட்டேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு
நீல டிக் வரவில்லையென்றால்
தூங்குகிறேன் என்று அர்த்தம், வெறுப்பு இல்லை.
அந்த நேரத்துக்கு வேறொரு எண் தருகிறேன்,
எப்போதும் யாராவது எடுப்பார்கள்.

எனக்கும் ஓர் எண் வேண்டும்.
பத்து நிமிடத்தில் வந்து
உங்கள் வீட்டுக் கதவைத் தட்டக்கூடிய
ஒரே ஒரு ஆள்.

அண்ணன் பேரைச் சொல்ல ஆரம்பித்து விட்டுவிட்டீர்கள்.
கடைசியில் தெருமுனையில்
இஸ்திரி போடும் கன்னியப்பன்.

எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?
பெருங்குடி பறக்கும் ரயில் ஸ்டேஷன்,
படிக்கட்டு திரும்புகிற இடம்.
வீட்டில் ஒரே ரூம்.
தாழ்ப்பாள் இருக்கிறது, போட்டால் கேள்வி வரும்.
"இங்க யாரும் வர மாட்டாங்க மேடம்.
ரயிலே எப்பவாச்சும்தான் வரும்."

வந்துவிட்டால்?
ஒரு சொல் வைத்துக்கொள்வோம் என்றேன்.
லிஃப்ட் கம்பெனி ஆள் நீங்கள், யோசிக்கவே இல்லை:
"கொட்டேஷன் நாளைக்கு அனுப்பறேன் சார்."
அந்த நொடியிலிருந்து நான்
வாயை மூடிக்கொண்ட ஒரு சார்.

"எத்தனை சிட்டிங்ல சரியாகும்?"
பல் டாக்டர் நாலு என்றாராம்,
நாலிலேயே முடித்தாராம்.
தெரியாது என்றேன்.
ஆறு முறை பார்ப்போம், பிறகு நின்று
இரண்டு பேரும் கணக்குப் பார்ப்போம்.
சில வாரம் வந்ததைவிட மோசமாகத் திரும்பிப் போவீர்கள்,
அதற்கும் காசு வாங்குவேன்.

பாதி உதட்டில் சிரித்தீர்கள்.
"நாங்களும் அப்படித்தான் மேடம்.
லிஃப்ட்ல மாட்டினவங்க கிட்ட
பத்து நிமிஷத்துல வர்றோம்னு சொல்லக் கூடாது.
பதினோராவது நிமிஷம் கதவை உதைப்பாங்க.
ஆள் கிளம்பிட்டார்னு மட்டும் சொல்லணும்.
கிளம்பியும் இருக்கணும்."

பிறகு கேட்டேன்,
எதற்காக இந்த அழைப்பு என்று.

படம் உறைந்தது.
முழங்காலில் கை. பாதி திறந்த வாய்.
பின்னாலிருந்த டியூப்லைட் சிமிட்டக்கூட இல்லை.
கேட்கிறதா என்றேன்.
மறுபடியும், கொஞ்சம் சத்தமாக.
நெட்வொர்க்கைத் திட்டினேன், மனசுக்குள்.
கட் செய்தேன். சட்டப்படி நானே கூப்பிட்டேன்.

"லைன் போகலை மேடம்.
இங்கதான் இருந்தேன்."

பதினோரு வருஷத்தில்
எத்தனை பேரை இப்படி
பாதியில் அணைத்திருக்கிறேனோ.

அதனால் இன்னும் ஒரு விதி, தணிகைவேல்,
இப்போதுதான் எழுதுகிறேன், மை காயவில்லை:
பேசாமல் இருக்கலாம்.
ஐம்பது நிமிடமும் இருக்கலாம்.
ஒரு விரலை மட்டும் அசையுங்கள்,
நிற்பது படம் இல்லை, நீங்கள்தான் என்று
எனக்குத் தெரிய.

வேளச்சேரி வண்டி வந்தது.
தலைக்கு மேலே கான்கிரீட் முழுக்க இரைச்சல்.
உங்கள் உதடுகள் எதையோ சொல்லின, ஒரு சொல்லும்
இந்தப் பக்கம் வரவில்லை.
திரையின் ஓரத்தில்
கிரீஸ் போகாத நகத்தோடு
ஆள்காட்டி விரல்,
மேலே, கீழே, மேலே.

நோட்டில் குறித்தேன்:
7.52. இருக்கிறார்.